பழைய டிராமை மறுபடி தெருவில் ஓட்டினால் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

இப்படி ஓடும் 'ஹெரிடேஜ் டிராமு'க்குத் தமிழில் சொல்லப்படும் 'பாரம்பரிய டிராம்' எனக்கு ஒப்பவில்லை. பாரம்பரியம் என்றதும் கயிறு கட்டித் 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்த பொருள்தான் மனத்தில் வருகிறது. சான் பிரான்சிஸ்கோவின் 'எஃப்' என்ற டிராம் தடத்தில் ஓடும் பழைய வண்டிகள் அப்படியா? சாதாரணப் பேருந்துக் கட்டணம்தான். மார்க்கெட் தெருவில் வேலைக்குப் போகிறவர்களும் அதில் ஏறுகிறார்கள். (தெருவுக்கு அடியில் ஓடும் கம்பிவடம் இழுத்துச் செல்லும் கேபிள் காருக்குத்தான் தனிக் கட்டணம், அதுவும் கையைக் கடிக்கும்.)

அந்தக் கேபிள் கார்களைச் சீரமைக்க நிறுத்தியிருந்த சமயம், 1983 கோடையில், சுற்றுலா வருபவர்களுக்காகப் பழைய டிராம்களை வெளியே எடுத்து ஓட்டினார்கள். ஊருக்குப் பிடித்துப்போனது. 1995இல் நிரந்தரத் தடமே வந்துவிட்டது. வண்டிகளில் பல 1940களில் பிலடெல்பியாவுக்காகச் செய்தவை. மர இருக்கை போட்ட 1928ஆம் ஆண்டு மிலான் வண்டிகளும் உண்டு.

ஆகவே சொல்லில் ஓட்டம் தெரிய வேண்டும். 'மீட்பு டிராம்' என்றால் வழியில் நின்றுபோன வண்டியை இழுத்துப்போக வருவதுபோல் இருக்கிறது. 'மறுவாழ்வு டிராம்' வேண்டவே வேண்டாம், குடியை விட்டுவிட்டு வந்ததுபோல. என் பரிந்துரை: மறுவோட்ட டிராம்.

இன்னோர் அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். செயின்ட் சார்லஸ் தடத்தில் 1920களின் வண்டிகள் ஓய்வே பெறாமல் ஓடுகின்றன. அவை மறுவோட்டம் அல்ல, வெறும் பழைய டிராம். அதே ஊரில் கனால் தெருவுக்கு 2004இல் டிராம் திரும்பியது. அந்தச் சிவப்பு வண்டிகள் பார்க்கத்தான் பழசு, உள்ளே ஏசி! அவற்றைப் 'பழம்பாணி டிராம்' எனலாம். மூன்றையும் பாரம்பரியம் என்று ஒரே மூட்டையில் கட்டினால் எது அசல், எது நகல் என்றே தெரியாது.

டிராமுக்கு அமெரிக்கர்கள் சொல்லும் 'ட்ராலி'யும் ஆகாது. நமக்கு அது ஆஸ்பத்திரியில் தள்ளுவது. மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடிய உருளையிலிருந்துதான் வண்டிக்கே அந்தப் பெயர் வந்தது. உருளையைத் தாங்கும் நீளக் கழியைத் 'தொடுகோல்' என்போமா? அது கம்பியை விட்டு நழுவினால் ஓட்டுநர் இறங்கிப் பின்பக்கம் போய், கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்தபடியே மறுபடி கம்பியில் பொருத்துவார். இப்போது உருளைக்குப் பதில் உராய்ந்து செல்லும் கட்டைதான். ஆனாலும் தொடுவது தொடுவதுதானே.

'டிராம்' அப்படியே இருக்கட்டும். சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடியதை ஊரே டிராம் என்றுதான் சொன்னது.

ஒரே உறுத்தல்: 'மறுவோட்டம்' தேர்தல் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஓட்டு வேறு, ஓட்டம் வேறு என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. இதைவிட நல்லது கையில் இருந்தால் எழுதுங்கள்.