கலைச்சொல் தேவை: ‘ஆஃப்ஷோர் நிறுவனம்’ (வெள்ளிக்கிழமைக்குள்)

ரோஸ் ஹில்லிலிருந்து, தமிழாசிரியை

குழு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காக மொரீஷியஸின் பொருளாதார வரலாற்றைப் பற்றி ஒரு வாசிப்புப் பாடம் எழுதி வருகிறேன். கரும்பு, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஏற்றுமதி வலயம், சுற்றுலா ஆகிய மூன்றையும் எழுதி முடித்துவிட்டேன். நான்காவது பகுதியில், 1992இல் சட்டம் இயற்றித் தொடங்கிய ‘ஆஃப்ஷோர்’ துறைக்கு வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. இங்கே பதிவு பெற்று, இந்தத் தீவில் எதையும் விற்காமல், பிற நாடுகளில் முதலிட்டுப் பொருளீட்டும் நிறுவனத்தைத் தமிழில் எப்படிக் குறிப்பது?

அகராதிகள் ‘கடல்கடந்த’ என்கின்றன. நம் மாணவர்களுக்குக் ‘கடல்கடந்த தமிழர்’ என்றால் அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார். ‘கடல்கடந்த நிறுவனம்’ என்று வகுப்பில் சொன்னபோது, இந்தியாவிலிருந்து இங்கே வந்த நிறுவனம் என்றே பலரும் பொருள்கொண்டார்கள். ‘கரைகடந்த’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் புயல் கரையைக் கடந்தது என்றால் அது கடலிலிருந்து நிலத்துக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். ஆண்டுதோறும் சூறாவளி எச்சரிக்கையைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் நேர் எதிரான திசையைக் காட்டிவிடும். வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போக வேண்டும். உதவுங்கள்.

போர்ட் லூயிஸிலிருந்து, கணக்காளர்

அக்கா, வணக்கம்.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1992ஆம் ஆண்டுச் சட்டம்தான் ‘ஆஃப்ஷோர்’ என்றது. வளர்ந்த நாடுகள் இத்தகைய மையங்களை ஐயத்தோடு நோக்கத் தொடங்கியிருந்த வேளையில், 2001ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சொல்லைக் கைவிட்டு ‘உலக வணிகம்’ என்ற பொருள்படும் பெயரைச் சூட்டி, அதற்குள் இரண்டு வகை உரிமங்களை வைத்தது. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி அந்த இரண்டு வகைகளும் 2019 சனவரி 1 முதல் மாற்றி அமைக்கப்பட்டன. துறையே கைவிட்ட சொல்லை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறு. இந்தியாவோடு 1982இல் கையெழுத்தான இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்படிக்கையின்படி, இந்திய நிறுவனப் பங்குகளை விற்றுப் பெறும் மூலதன ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை விற்பவர் வதியும் நாட்டுக்கே இருந்தது. இங்கோ மூலதன ஆதாய வரியே கிடையாது. எனவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திரண்ட பணம் இங்கே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துகொண்டு அதன் வழியாக மும்பைக்குச் சென்றது. 13 இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் இத்தீவு, இந்தியாவுக்கு நேரடி அந்நிய முதலீடு அனுப்பும் நாடுகளின் வரிசையில் பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது இதனால்தான். 2016 மே மாதத்தில் உடன்படிக்கை திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளின் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்கலாம் என்றாயிற்று. அதன் பிறகு துறை ஆப்பிரிக்காவை நோக்கி மேலும் திரும்பியது. அங்கும் செனகல், சாம்பியா போன்ற நாடுகள் நம்மோடு செய்திருந்த வரி உடன்படிக்கைகளிலிருந்து விலகின. ஒரு சிறிய நாடு பிற நாடுகளின் சட்டங்களை நம்பி வகுத்த வணிக உத்தி இது என்பது பாடத்தில் வர வேண்டும்.

என் பரிந்துரை: ‘உலக வணிக நிறுவனம்’.

மோக்காவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர்

அன்புள்ள மகளுக்கும் தம்பிக்கும் வாழ்த்து.

‘உலக வணிகம்’ என்பது சட்டத்தின் அலங்காரப் பெயர். அதைத் தமிழாக்கினால் அலங்காரம் மட்டுமே தமிழுக்கு வரும். வேரிலிருந்து தொடங்குவோம். கரை என்னும் சொல் நிலத்தின் விளிம்பையும் துணியின் ஓரத்தையும் குறிக்கும். வினையாக வந்தால் உருகுதல், அழைத்தல் என்று விரியும். கரையைச் சுட்டெழுத்தோடு சேர்த்தால் அக்கரை, இக்கரை. ஆனால் அக்கரை என்பது பேசுபவன் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். லண்டனில் உள்ள முதலீட்டாளருக்கு நாம் அக்கரை; நமக்கு அவர் அக்கரை. கலைச்சொல் அப்படி இடம் மாறக் கூடாது.

நம் முன்னோர் இந்தப் பொருளை இடத்தால் சுட்டவில்லை, வரியால் சுட்டினார்கள். பட்டினப்பாலை காட்டும் புகார்த் துறைமுகத்தில் அரசனின் பணியாளர்கள் பண்டங்களுக்கு உல்கு, அதாவது சுங்க வரி, வாங்கிப் புலிப்பொறி இட்டார்கள். திருக்குறள் உறுபொருளோடு உல்குபொருளையும் வேந்தனுக்கு உரியதாக வைக்கிறது. முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்றே பெயர். வணிகத்தை ஈர்க்க அரசு தன் வருவாயின் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது நமக்குப் புதிய கருத்தன்று. கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்துக்கு ‘இறையிலி’ என்ற அழகிய சொல் இருக்கிறது. இறை என்றால் வரி. ‘இறையிலி நிறுவனம்’ என்று ஆளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புணை என்றால் தெப்பம், அதே சொல் பிணைப்பொருளையும் ஈட்டையும் குறிக்கும். கடலும் நிதியும் ஒரே சொல்லுக்குள் இருக்கும் மொழி நம்முடையது. ‘புணைநிறுவனம்’ என்பதையும் ஆராயலாம்.

வாக்குவாவிலிருந்து, இளம் ஆசிரியர்

ஐயா, தங்கள் புலமைக்கு வணக்கம். ஆனால் ‘இறையிலி’ என்றால் என் மாணவர்கள் கடவுள் இல்லாதது என்றுதான் படிப்பார்கள். கோவிலில் அவர்கள் நாள்தோறும் கேட்கும் இறைவன் அந்தச் சொல்லில்தான் இருக்கிறான்.

நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கிறார்கள். தமிழைப் பாடவேளையிலும் கோவிலிலும் மட்டுமே சந்திக்கிறார்கள். நிதி நிறுவனங்கள் நிறைந்த எபேனில் வேலை பார்க்கும் அண்ணனும் அக்காளும் வீட்டில் சொல்லும் சொல் ‘ஆஃப்ஷோர்’ தான். மேசை, சாவி, அலமாரி, ஜன்னல் ஆகியவை போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தவை. அவற்றால் தமிழ் குறைந்துவிடவில்லை. ‘ஆஃப்ஷோர் நிறுவனம்’ என்றே எழுதி, அதன் செயலை இரண்டு வாக்கியங்களில் விளக்கினால் மாணவர் பாடத்தைப் படித்து முடிப்பார்கள். இருக்கும் ஐம்பது சொற்களையே அவர்கள் தடுமாறிப் படிக்கும்போது, தமிழ்நாட்டிலேயே வழங்காத ஐம்பத்தொன்றாவது சொல்லைத் திணிப்பது மொழிக்குச் செய்யும் தொண்டாகுமா என்று கேட்கிறேன்.

சென் தெனி, ரெயூனியனிலிருந்து

தமிழ் படிக்கத் தொடங்கியவன் என்ற முறையில் ஒரு செய்தி மட்டும். எங்கள் பிரெஞ்சில் இத்தகைய நாடுகளைக் குறிக்க வழங்கும் தொடரை அப்படியே தமிழாக்கினால் ‘வரிச் சொர்க்கம்’ என்று வரும். மொரீஷியஸ் மாணவர்களும் அதைச் செய்தித்தாளில் பார்ப்பார்கள். தமிழில் ‘வரிப் புகலிடம்’ என்பதுதான் பொருந்தும். பாடத்தில் அது வந்தால், நிறுவனத்தின் பெயரோடு கலக்காமல் தனியாக வைப்பது நல்லது.

மோக்கா ஐயா உல்கைப் பற்றி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். எங்கள் தீவுக்குள் வரும் பொருள்களுக்கு இன்றும் கடலின் பெயரால் ஒரு வரி உண்டு. 1946 முதல் நாங்கள் பிரான்சின் மாவட்டமாக இருப்பதால் எந்த நாட்டோடும் தனியே வரி உடன்படிக்கை செய்ய முடியாது. ஐரோப்பா 2006 முதல் சர்க்கரையின் உறுதி விலையை 36 விழுக்காடு குறைத்தபோது எங்கள் கரும்பு விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளிருந்தே ஆதரவு கிடைத்தது. உங்கள் நாடு, ஐரோப்பா உறுதி விலையில் சர்க்கரை வாங்க வழிசெய்த சர்க்கரை நெறிமுறையையும் 2009இல் இழந்தது. உங்களுக்கு வேறு துறைகள் ஏன் அவ்வளவு தேவைப்பட்டன என்பதை இந்த ஒப்பீடு விளக்கும் என்று நினைக்கிறேன்.

போர்ட் லூயிஸிலிருந்து, கணக்காளர்

சென் தெனி அண்ணன் சொன்ன சர்க்கரை ஒப்பீட்டைப் பாடத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஐயாவின் ‘இறையிலி’ உண்மைக்கும் மாறானது. இந்த நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் வரி இல்லாமல் இல்லை. 15 விழுக்காடு வரியில், வெளிநாட்டில் கட்டியதாகக் கொள்ளும் 80 விழுக்காட்டைக் கழித்ததால் முதல் வகை உரிமம் பெற்றவற்றுக்கு அது 3 விழுக்காடாக நின்றது. உல்கோ பண்டத்தின் மீதான வரி. இது வருமானத்தின் மீதானது. நம் எதிரிகள் சொல்லும் குற்றச்சாட்டையே நாம் பெயராக்கி மாணவர் கையில் கொடுக்கக் கூடாது.

ரோஸ் ஹில்லிலிருந்து, தமிழாசிரியை

எல்லோருக்கும் நன்றி. ‘உலக வணிக நிறுவனம்’ என்றதும் மாணவர்கள் பன்னாட்டு நிறுவனங்களின் பெயர்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எனவே அது உதவாது. ‘அயல்வருவாய் நிறுவனம்’ என்று நானே ஒன்றை எண்ணினேன். ஆனால் வலயத்தில் சட்டை தைத்து ஐரோப்பாவுக்கு விற்ற ஆலைக்கும் வருவாய் அயலிலிருந்துதான் வந்தது. எஞ்சியது ‘புறக்கரை நிறுவனம்’. கரை இருப்பதால் ஆங்கிலச் சொல்லை அறிந்தவருக்கு உடனே பிடிபடுகிறது. புறம் என்பதால் இந்நாட்டுச் சந்தைக்கு வெளியே என்பதும் தெரிகிறது.

மோக்காவிலிருந்து

புறங்கை, புறங்கடை என்று மெல்லினம் மிக்கு வருவதே பழைய வழக்கு. ஆகவே ‘புறங்கரை’ என்றுதான் எழுத வேண்டும்.

வாக்குவாவிலிருந்து

ஐயா, புறக்கடை என்றும் வழக்கு உண்டு. புறக்கணிப்பு என்பதை எல்லோரும் வல்லினத்தோடுதான் எழுதுகிறோம். ‘புறக்கரை’ எனக்கு ஏற்புடையது, முதல் முறை வரும் இடத்தில் ‘ஆஃப்ஷோர் எனப்படும்’ என்ற அடையும் இருக்குமானால்.

சென் தெனியிலிருந்து

எனக்கும் ‘புறக்கரை’ சம்மதம்.

போர்ட் லூயிஸிலிருந்து

பெரும்பான்மைக்கு நான் தடையாக இருக்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 2019க்குப் பிறகு இத்தகைய நிறுவனம் வரிச் சலுகை பெற வேண்டுமானால், வருவாய் ஈட்டும் அடிப்படைப் பணிகள் இந்நாட்டிலேயே நடக்க வேண்டும். தகுதியுள்ள ஊழியர்களும் அதற்கேற்ற செலவும் இங்கே இருக்க வேண்டும். சட்டம் உள்ளே இழுக்கும் ஒன்றைப் ‘புறம்’ என்று பெயரிடுகிறோம். அக்கா, பாடத்தின் அந்தப் பத்தியில் இந்த நிபந்தனைக்கு ஒரு வாக்கியமாவது இடம் கொடுங்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து

வாக்கியத்தைச் சேர்த்துவிட்டேன், தம்பி. வல்லினத்தோடு ‘புறக்கரை நிறுவனம்’ என்றும், முதல் இடத்தில் ‘ஆஃப்ஷோர் எனப்படும்’ என்றும் அச்சுக்கு அனுப்புகிறேன். ஐயாவின் ‘இறையிலி’ கல்வெட்டுப் பாடத்துக்கான சொற்பட்டியலில் வருகிறது. அடுத்த வாரம் ‘இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்படிக்கை’யைச் சுருக்க வேண்டும், நான்கு சொற்களைச் சொல்லி முடிப்பதற்குள் மாணவர்கள் முதல் சொல்லை மறந்துவிடுகிறார்கள்.