“எது நல்லது?” வகைக் கேள்விகளை மூடுவதா, விடுவதா?

கம்பிவடம்:
வீட்டு மின்சாரம் பற்றிய கேள்வி-பதில் தளத்தில் மட்டுறுத்துநராக (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவராக) இருக்கிறேன். “இன்வெர்ட்டருக்கு எந்த பேட்டரி நல்லது?” என்று ஒருவர் கேட்டால் போதும், “எங்க வீட்ல இதுதான், சூப்பர்” என்று பதில்கள் வரிசை கட்டுகின்றன. மூடினால், அதாவது புதுப் பதில் எழுத முடியாதபடி செய்தால், கேட்டவருக்குக் கோபம். விட்டால் கடைக்காரர்கள் வந்து தங்கள் சரக்கின் பெயரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

நடுநிலை:
கருத்து கலந்திருக்கிறதா என்று பார்க்காதீங்க, நல்ல கேள்வியிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இரண்டு பதில் வந்தால் எது மேல் என்று மூன்றாவது ஆள் எடைபோட முடியுமா? அதுதான் சோதனை. உங்க உதாரணத்தில் முடியாது, கேட்டவர் ஒரு அளவுகூடத் தரலை. அங்கே விழும் ஓட்டு பிராண்டுக்குத்தான் விழும்.

இப்படி மாற்றச் சொல்லுங்க: “2 சீலிங் ஃபேன், 4 எல்இடி பல்பு, ஒரு ரவுட்டர், 3 மணி நேர மின்வெட்டு. 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) ட்யூபுலர் வகை பேட்டரி ஒன்று போதுமா?” ஃபேன் 75 வாட், பல்பு 9, ரவுட்டர் 10 என்றால் மொத்தம் 196 வாட். 3 மணி நேரத்துக்கு 588 வாட்-மணி. பேட்டரியில் இருப்பது 12 × 150 = 1800 வாட்-மணி. பாதிதான் எடுப்போம், அதில் 20 சதவீதம் இன்வெர்ட்டரில் போகும் என்று வைத்தாலும் 720 கிடைக்கும். போதும். பாதியோடு நிறுத்தணுமா, 80 சதவீதம் வரை எடுக்கலாமா என்று சண்டை வரும். வரட்டும், பேட்டரி ஆயுளை வைத்துத்தான் பேசியாகணும்.

தெற்குவாசல்:
மேலே சொன்னது சரி. ஆனால் முதலில் மூடுங்க, பிறகு திருத்தச் சொல்லுங்க. பத்துப் பதில் வந்தபின் கேள்வியைத் திருத்தினால் அந்தப் பத்தும் வேறு கேள்விக்கான பதிலாகிவிடும், எழுதியவர்களும் சண்டைக்கு வருவார்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மூடிய கேள்விக்குப் புதுப் பதில் எழுத முடியாது, திருத்தலாம். திருத்தியபின், மீண்டும் திறக்கலாமா என்று மற்றவர்கள் பார்க்கும் மறுதிறப்பு வரிசைக்கு அனுப்பலாம். மூடுவதற்கு, தளத்தில் 3000 நற்பெயர்ப் புள்ளி எட்டியவர்கள் 3 பேர் ஓட்டுப்போட்டால் போதும், 2019 வரை 5 பேர் வேண்டியிருந்தது. மட்டுறுத்துநர் என்றால் அவர் ஒருவர் ஓட்டே போதும்.

மூடும்போது “கருத்து சார்ந்தது” என்று மட்டும் போட்டால் கோபம்தான் வரும். “எத்தனை வாட் சுமை, எத்தனை மணி நேரம், பட்ஜெட் எவ்வளவு என்று சேருங்கள், திறக்கிறோம்” என்று எழுதுங்க. சேர்த்த அன்றைக்கே திறக்கவும் வேணும்.

கல்தூண்:
மூடுவதையே மருந்தாக நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதிலுக்கும் விதி வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் அடங்கிய ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளக் குழுமம் 2010-ல் வகுத்த நெறிகளில் முக்கியமானது, பதில் ஏன், எப்படி என்று விளக்கணும், வெறும் அபிப்பிராயத்தைவிட அனுபவமும் ஆதாரமும் தரணும் என்பது. அவர்களிடம் மென்பொருள் பரிந்துரைக்கென்றே தனித் தளம் இருக்கிறது. கேட்பவர் தேவைகளைப் பட்டியலிட வேண்டும், பதில் அவற்றை எப்படி நிறைவேற்றுகிறது என்று காட்ட வேண்டும். பரிந்துரைக் கேள்வி என்றாலே ஆகாது என்பதெல்லாம் சோம்பேறித்தனம்.

உங்க தளத்தில் பெயர் மட்டும் உள்ள பதிலுக்கு ஒரு எச்சரிக்கை, ஒரு நாள் அவகாசம், பிறகு நீக்கம். விற்பவர் தன் தொடர்பைப் பதிலிலேயே சொல்லணும். சொல்லாவிட்டால் அவகாசமே வேண்டாம்.

கம்பிவடம்:
இரண்டையும் சேர்த்தே வைக்கிறேன். ஏற்கெனவே 40 பதிலோடு கிடக்கும் பழைய கேள்விகளை என்ன செய்வது? தேடலில் அவைதான் முதலில் வருகின்றன.

நடுநிலை:
நீக்காதீங்க, வெளியிலிருந்து வரும் இணைப்பெல்லாம் உடைந்துபோகும். பூட்டிடுங்க: புதுப் பதில் இல்லை, ஓட்டு இல்லை, திருத்தம் இல்லை. “இது பழைய விதிப்படி விட்டது, புதுக் கேள்விக்கு முன்னுதாரணம் இல்லை” என்று ஆண்டோடு மேலே ஒரு குறிப்பு கட்டாயம். அது இல்லாவிட்டால் அடுத்தவர் அதே இணைப்பைக் காட்டி “அதை விட்டீங்க, என்னுடையதை ஏன் மூடினீங்க?” என்று வருவார்.