தம்பி ஸ்கீப் பலகையுடன் அலெட்ச்ஹோர்ன் மலையில் ஏறப்போகிறார்: அவரிடம் எதைக் கேட்க வேண்டும்?

முத்தையன்கட்டுக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுவிஸில் வசிக்கும் என் தம்பி ஏப்ரல் மாத இறுதியில் நண்பர்களுடன் அலெட்ச்ஹோர்ன் என்ற மலையில் ஸ்கீப் பலகைகளை மாட்டிக்கொண்டு ஏறி, அதே பலகைகளில் சறுக்கி இறங்கப் போவதாகச் சொல்கிறார். கம்பிவட வண்டியில் மேலே போய்ச் சறுக்கி வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி வண்டி எதுவும் கிடையாது, முழு உயரத்தையும் காலால்தான் ஏற வேண்டும் என்கிறார். வழுக்குவதற்கென்றே செய்த பலகையோடு மேட்டில் எப்படி ஏறுவது என்பதே எனக்கு விளங்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது அம்மாவின் பயத்தைக் கூட்டியிருக்கிறது. விடிந்தபின் வெளிச்சத்தில் போனால் என்ன என்று கேட்கிறார். "அதிகம் பேர் போகாத மலை" என்று தம்பி பெருமையாகச் சொன்னது எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை.

அவரைத் தடுப்பதற்காக நான் கேட்கவில்லை. முப்பது வயது கடந்தவரை முல்லைத்தீவிலிருந்து தொலைபேசியில் தடுக்கவும் முடியாது. அவர் உரிய ஆயத்தத்தோடு போகிறாரா என்பதை அறிய என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேர்ண்வாசி (சொந்த இடம் கனகராயன்குளம்) எழுதியது:

வணக்கம் சகோதரி. அலெட்ச்ஹோர்ன் ஏறக்குறைய 4,190 மீற்றர் உயரமானது. பேர்ணீஸ் அல்ப்ஸ் தொடரில் ஃபின்ஸ்டராஹோர்னுக்கு அடுத்த உயரம் அதற்குத்தான். 1859இலேயே உச்சியைத் தொட்டுவிட்டார்கள் என்றாலும் இன்றும் அங்கே கூட்டம் சேர்வதில்லை. அல்ப்ஸிலேயே மிகப் பெரிய பனியாற்றைக் கடந்து நெடுந்தூரம் நடந்தால்தான் அதன் அடிக்குப் போய்ச் சேரலாம் என்பதே காரணம். ஸ்கீயில் போகிறவர்கள் வழக்கமாக இரவைக் கழிக்கும் மித்தெல்அலெட்ச் சிறுகுடிலில் காவலரும் இல்லை, சமையலும் இல்லை. அது 3,013 மீற்றரில் இருக்கிறது; நம் பீதுருதாலகாலையின் உச்சியைவிடவும் உயரம். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 1,180 மீற்றர் அளவில் ஏற வேண்டும். மணிக்கு 300 மீற்றர் ஏறுவது நல்ல வேகம் என்பதால் ஏற்றத்துக்கு மட்டும் நான்கு மணித்தியாலங்களாவது வேண்டும்.

ஏறும் முறை இதுதான். பலகையின் அடிப்புறத்தில் பசையுள்ள ஒரு நீளமான துணிப்பட்டியை ஒட்டுவார்கள். அதன் மறுபுறத்தில் அங்கோரா ஆட்டின் உரோமமோ நைலோன் இழையோ ஒரே திசையில் படிந்திருக்கும். பலகையை முன்னே தள்ளும்போது உரோமம் படிந்து வழிவிடும்; பின்னே வழுக்கப் பார்த்தால் நிமிர்ந்து பனியைப் பற்றிக்கொள்ளும். சப்பாத்தின் முனையை மட்டும் இரண்டு சிறு ஊசிகள் பிடித்திருக்க, குதிகால் தூக்கி நடக்கும்படி விடுபட்டிருக்கும். ஃபிரிட்ஸ் பார்தெல் என்ற ஒஸ்திரியர் 1980களில் உருவாக்கிய இந்த அமைப்பு பாரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. சாய்வு கூடினால் நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுவார்கள்; பனி இறுகிக் கிடந்தால் பலகையின் இரு பக்கமும் இரும்புப் பற்களை மாட்டுவார்கள். அதற்கும் மேல் செங்குத்தாகிவிட்டால் பலகைகளை முதுகுப்பையில் கட்டிவிட்டு, சப்பாத்தில் இரும்பு முட்களும் கையில் பனிக்கோடரியுமாக ஏற வேண்டியதுதான்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஏப்ரலில் வெளிச்சத்தைவிடக் குளிர்தான் பெரிய பாதுகாப்பு. வானம் தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை இழந்து கெட்டியாக உறைந்துவிடும். அந்த ஓட்டின் மேல் நம்பி நடக்கலாம். வெயில் ஏற ஏற உருகிய நீர் உள்ளே இறங்கிப் பனியைத் தளர்த்தி, பனிச்சரிவாக விழச் செய்யும். முதலில் கிழக்குச் சரிவுகள், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு என்று ஆபத்து சூரியனோடு சேர்ந்து நகரும். இரவு முழுதும் முகில் மூடியிருந்தால் பனி சரியாக உறைந்திராது; அப்படியான காலையில் மூன்று மணிக்குப் புறப்பட்டாலும் பயனில்லை. ஆகவே நேரம் முக்கியம், அதற்கு முந்திய இரவு எப்படி இருந்தது என்பது அதைவிட முக்கியம்.

காற்று கொண்டுவந்து குவித்த பனி, கீழேயுள்ள தளர்ந்த படையின்மேல் ஒரே பாளமாக வழுக்கி வருவது வேறொரு வகைப் பனிச்சரிவு. 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது. இதில் அகப்படுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் தாங்களோ தங்கள் குழுவில் ஒருவரோ கிளப்பிய பனிச்சரிவிலேயே அகப்படுகிறார்கள். மலை தானாக வந்து விழுவது அரிது. பலர் போன சரிவில் பனி மிதிபட்டுக் கெட்டிப்பட்டிருக்கலாம். யாரும் போகாத மலையிலோ முதலில் காலடி வைப்பவரே அந்தச் சரிவைச் சோதிப்பவராகிவிடுகிறார். இந்த விடயத்தில் உங்கள் ஐயம் நியாயமானதே.

மாங்குளம் ஆசிரியர் எழுதியது:

2026 குளிர்கால ஒலிம்பிக்கில் புதிதாகச் சேர்த்த விளையாட்டு இதுதானே? அதையே தம்பி செய்கிறார் என்றால் இவ்வளவு அச்சம் தேவையா?

பேர்ண்வாசி எழுதியது:

கருவி ஒன்று, சூழல் வேறு ஐயா. போட்டியின் பாதையை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே பார்த்து, குறியிட்டு, மருத்துவர்களையும் நிறுத்தி வைக்கிறார்கள். அலெட்ச்ஹோர்னில் அந்தப் பொறுப்பெல்லாம் போகிறவர்கள் தலையில்தான்.

முன்னாள் கண்ணிவெடி அகற்றுநர் எழுதியது:

நான் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவள். பனிக்குள் புதையுண்டவரைத் தேடுவதற்கும் ஒரு கருவியும் குத்திப் பார்க்கும் கம்பியும் உண்டென்று கேள்விப்பட்டேன். எங்கள் வேலையும் அதுவே என்பதால் கேட்கிறேன். நாங்கள் கம்பியைத் தரைக்கு ஏறக்குறைய 30 பாகை சாய்வில் மெதுவாகச் செலுத்துவோம்; வெடியின் மேற்புறத்தை அழுத்தாமல் பக்கத்தைத் தொடுவதற்காகவே அப்படி. ஒரு சதுர மீற்றருக்கு எவ்வளவு நேரம் போனாலும் அவசரப்படுத்த மாட்டார்கள். அங்கே எப்படி?

பேர்ண்வாசி எழுதியது:

அக்கா, அங்கே எல்லாம் தலைகீழ். எல்லோரும் உடலோடு ஒட்டி 457 கிலோஹேர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் ஒரு கருவியை அணிந்திருப்பார்கள். ஒருவர் புதையுண்டதும் மற்றவர்கள் தங்கள் கருவிகளைத் தேடும் நிலைக்கு மாற்றி, திரையில் காட்டும் தூரம் குறையக் குறைய அதைப் பனியோடு ஒட்டிப் பிடித்துத் தேடுவார்கள். எண் மிகக் குறைந்த இடத்தில் கம்பியைச் சரிவின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக, முழு ஆழத்துக்கும் குத்துவார்கள். படவில்லையென்றால் 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் சுற்றிச் சுற்றி வெளியே போவார்கள். ஆளில் பட்டதும் கம்பியை உருவக் கூடாது. அது அங்கேயே நிற்க, சரிவின் கீழ்ப்புறத்திலிருந்து சவளால் உள்நோக்கித் தோண்ட வேண்டும். கம்பிக்கு நேர்மேலே நின்று தோண்டினால் கீழே கிடப்பவரின் மூச்சுவெளியை மிதித்து மூடிவிடும் அபாயம் உண்டு.

உங்களுக்கு இருந்த நேரம் இவர்களுக்கு இல்லை. கால்மணிக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் பிழைப்பவர் மூன்றில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறார்கள். ஹெலிகொப்டர் எவ்வளவு விரைந்தாலும் அந்தக் கால்மணிக்குள் அவ்வளவு தொலைவுக்கு வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. காப்பாற்றக்கூடியவர்கள் பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் மட்டுமே. ஆகையால் சகோதரி, மலை எவ்வளவு செங்குத்து என்பதைவிட, உடன் போகிறவர்கள் யார், இந்தத் தேடலை இந்தப் பருவத்தில் பழகிப் பார்த்தார்களா என்பதையே நான் முதலில் கேட்பேன். கருவியும் கம்பியும் சவளும் ஆளுக்கொன்று இருக்க வேண்டும். குழுவுக்கு ஒரு சவள் போதும் என்பவரோடு நான் கூடப் போக மாட்டேன்.

அடுத்தது பனிச்சரிவு அறிக்கை. டாவோஸிலுள்ள ஆய்வு நிறுவனம் மாலை 5 மணிக்கு வெளியிடுவதைத்தான் அதிகாலையில் புறப்படுகிறவர்கள் நம்பியிருக்கிறார்கள். அதில் ஆபத்தைக் குறிக்கும் ஐந்து நிலைகளில் மூன்றாவதை நடுத்தரம் என்று எண்ணி ஏமாறக் கூடாது. உயிரிழப்புகளில் ஏறக்குறைய பாதி அந்த நிலையிலேயே நிகழ்கின்றன. இளவேனிலில் காலைக்கு ஒரு நிலை, பகலுக்கு உயர்ந்த இன்னொரு நிலை என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. எத்தனை மணிக்கு உச்சி எட்டாவிட்டாலும் திரும்புவது என்று புறப்படும் முன்பே முடிவு செய்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். "அங்கே போய்ப் பார்த்து முடிவெடுப்போம்" என்ற பதில் எனக்குப் பிடிக்காது. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

முத்தையன்கட்டுக்காரி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. நேற்றிரவு தம்பியிடம் கேட்டேன். நால்வர் போகிறார்கள், ஒருவர் சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டி. கருவிகள் எல்லாரிடமும் உள்ளன. காலை 9 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவதென்று வழிகாட்டி சொல்லியிருக்கிறாராம். தேடிப் பழகினீர்களா என்று கேட்டதற்கு மட்டும் சற்றுத் தயங்கி, அடுத்த சனிக்கிழமை பழகப் போகிறோம் என்றார். அதைக் கட்டாயம் செய்யும்படி சொல்லிவிட்டேன். அன்று அவரிடமிருந்து அழைப்பு வராவிட்டால் நாங்கள் எப்போது கவலைப்பட வேண்டும்?

பேர்ண்வாசி எழுதியது:

அவர் அங்கே அதிகாலை 3 மணிக்குப் புறப்படும்போது உங்களுக்குக் காலை 6.30. 9 மணிக்குத் திரும்பினால் குடிலை அடைய முற்பகலாகும். உங்களுக்குப் பிற்பகல் 2, 3 மணி. அந்தப் பக்கத்தில் கைத்தொலைபேசித் தொடர்பை நம்ப முடியாது. பனியாற்றின் வழியே வெளியே வந்த பிறகுதான் அழைப்பு வரக்கூடும். ஆகவே மாலை வரை மௌனம் என்றால் அதற்குப் பொருள் ஒன்றுமில்லை என்று அம்மாவுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். அந்த மலை இருக்கும் வலே மாநிலத்தில் மலை மீட்புக்கு 144ஐ அழைக்க வேண்டும். இலங்கையிலிருந்து அந்தக் குறுகிய இலக்கம் அங்கே போய்ச் சேராது. போகும் வழி, திரும்பும் நேரம், நால்வரின் பெயர்கள் ஆகியவற்றை எழுதி சுவிஸில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த மணிக்கு மேல் அவர் 144ஐ அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். அந்த நண்பரின் தொலைபேசி இலக்கம் உங்களிடமும் இருக்க வேண்டும்.