சொந்த வானில் சபாரி போக முடியுமா? அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள்

கொட்டகலைக்காரன்

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்கு மிருகம் காட்டக் கூட்டிப்போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோவில் குடும்பமே சொந்தக் காரில் உட்கார்ந்திருக்க, சிங்கம் போனட்டில் ஏறிப் படுத்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து "நம்ம வான்லயும் அப்படிப் போவோம்" என்று மகன் ஒரே பிடி. என்னிடம் இருப்பது பழைய டொல்பின் வான்.

ரிதியகம சபாரி பூங்காவில் சொந்த வாகனத்தை உள்ளே விடுவார்களா? இல்லாவிட்டால் உடவளவை நல்லதா? அம்மாவும் வருகிறார். 68 வயது, நாற்பது வருடம் மலை ஏறிக் கொழுந்து பறித்த முழங்கால். மகளுக்கு வளைவு வந்தாலே வாந்தி. இதற்கிடையில் அம்மா, "போன மாசம் லயத்துக்குப் பின்னால நாயைத் தூக்கிட்டுப் போச்சே, அது புலி இல்லையா? அதைப் பார்க்கக் காசு கொடுத்து அவ்வளவு தூரம் போகணுமா?" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஊவா வான்காரன்

தம்பி, நான் பண்டாரவளை. 17 வருடமாக ஹயர் ஓடுகிறேன், இந்தப் பாதை எனக்கு வீட்டு வாசல் மாதிரி.

முதலில் மகனுக்கு ஏமாற்றமான செய்தி. ரிதியகமவில் உங்கள் வான் வாகனத் தரிப்பிடத்தோடு சரி. பூங்காவின் பஸ்ஸில்தான் உள்ளே போக வேண்டும். 2016இல் திறந்தது, அம்பலாந்தோட்டைப் பக்கம், ஏறக்குறைய 500 ஏக்கர். சிங்கம், வரிப்புலி, யானை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேலி போட்ட பகுதி. இலங்கைக் காட்டில் சிங்கமும் கிடையாது, வரிப்புலியும் கிடையாது. ஆகவே அவற்றைக் கூண்டுக்கு வெளியே பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். அம்மா சொல்கிற புலி சிறுத்தை. தோட்டத்தில் நாம் எல்லோரும் அதைப் புலி என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். பஸ் என்பதால் அவருடைய முழங்காலுக்கும் இது லேசு.

உடவளவை வேறு கதை. அது நிஜக் காடு. வளவை கங்கையை மறித்துக் குளம் கட்டியபோது இடம் இழந்த மிருகங்களுக்காக 1972இல் தேசிய பூங்காவாக்கினார்கள், 30,000 ஹெக்டேயருக்கு மேல். அங்கேயும் டொல்பினைக் கொண்டு உள்ளே போக முடியாது, ஜீப் பிடிக்க வேண்டும். நான் கூட்டிப்போனவர்களில் யானை பார்க்காமல் திரும்பியவர் ஒருவரும் இல்லை. சிறுத்தை இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள். ஜீப்பின் படி உயரம். வீட்டிலிருந்து ஒரு சின்னப் பலகையைக் கொண்டுபோங்கள், அம்மா கால் வைத்து ஏற உதவும். ஸ்வெட்டரை வெல்லவாயவிலேயே கழற்றிவிடுவீர்கள். ஆனால் தூசிக்கு ஒரு சேலைத் துண்டு கட்டாயம் வேண்டும்.

என் கணக்கு இப்படி. விடியற்காலை 3 மணிக்குக் கொட்டகலையில் புறப்படுங்கள். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, தணமல்வில. பத்து மணிக்குள் ரிதியகம. மதியத்துக்கு மேல் நோனாகமச் சந்தியில் திரும்பி எம்பிலிப்பிட்டிய வழியாக உடவளவை, இரவு அங்கே தங்கல். மறுநாள் காலை ஆறு மணி ஜீப். ஒன்பது மணிக்கு யானைக்குட்டிகளுக்குப் பால் கொடுப்பதைப் பாருங்கள். 'எத் அத்துரு செவன' என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். தாயை இழந்த குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விடும் இடம், 1995இல் தொடங்கியது. தொட விடமாட்டார்கள், தள்ளி மேடையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அது சரியான முறை என்பேன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் கம்பிக் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை வைத்தியத்துக்குக் கொண்டுபோனதும் இங்கேதான். பிழைக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள், அதுவும் டொல்பினில். மகளை முன் சீட்டில் பாட்டியோடு வைத்து, வெறும் வயிற்றில் இல்லாமல் ஒரு துண்டு பாண் கொடுங்கள், பால் வேண்டாம். தணமல்வில – உடவளவை வீதியில் மின்வேலிக்கு அந்தப் பக்கம் யானைகள் வரிசையாக நின்று கையேந்தும், இந்தப் பக்கம் பழம் விற்பார்கள். வாங்கிக் கொடுக்காதீர்கள். தீனிக்குப் பழகிய யானைதான் பிறகு வேலியை உடைத்துக்கொண்டு வீதிக்கு வருகிறது. இருட்டிய பிறகு அந்த வீதியில் ஓடவே வேண்டாம்.

பசறை அக்கா

தம்பி, சொந்த வானில் போவதுதான் பிள்ளையின் ஆசை என்றால் ஹோர்ட்டன் சமவெளி இருக்கிறதே? பட்டிப்பொலவில் டிக்கெட் எடுத்து, வானோடு நடைபாதை தொடங்கும் ஃபார் இன் வரைக்கும் போகலாம். காலை ஆறு, ஆறரைக்குப் போனால் மரைகள் பாதையோரத்திலேயே மேயும். அம்மா வானுக்குள் இருந்தபடியே பார்க்கட்டும். உலக முடிவு என்கிற மலை விளிம்புக்குப் போய்வரும் சுற்று 9 கிலோமீற்றர், அதை நீங்களும் மகனும் நடந்துவிட்டு வாருங்கள். சோற்றுப் பார்சலை வாழை இலையில் கட்டுங்கள், பொலித்தீனை வாசலிலேயே பிரித்து எடுத்துவிடுவார்கள்.

சிங்கம் இல்லைதான். ஆனால் உங்களுக்கு ஒன்றரை இரண்டு மணித்தியாலப் பயணம், வாந்தியும் குறைவு. வான்கார அண்ணன் சொல்கிற மாதிரி மூன்று மணிக்கு எழும்பி ஐந்து வயதுப் பிள்ளையை ஆறு மணித்தியாலத்துக்கு மேல் குலுக்கிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொட்டகலைக்காரன்

போய் வந்துவிட்டோம். அக்கா, நீங்கள் சொன்னதைப் பிள்ளைகள் கேட்கவில்லை, சிங்கம்தான் வேண்டுமாம். வாந்தி மொத்தம் மூன்று தடவை.

ரிதியகமவில் சிங்கம் மரத்தடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. பஸ் பக்கத்தில் நின்றும் காதைக்கூட ஆட்டவில்லை. மகன் முகம் சுருங்கிவிட்டது. வரிப்புலி எழுந்து நடந்தபோது அம்மா மட்டும் "இது நம்ம ஊர்ப் புலி மாதிரி ரெண்டு மடங்கு இருக்கே" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த சிங்களக் குடும்பத்துக்கு மொழி விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார்கள்.

உடவளவையில் எங்களுக்கு வாய்த்த ஜீப்காரர் ஒரு அவசரக்காரர். நாலைந்து ஜீப்பை முந்திக்கொண்டு போய், குட்டியோடு நின்ற யானைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தாய் யானை காதை விரித்துக்கொண்டு இரண்டடி வைத்தது. அம்மா அவர் தோளில் ஓங்கித் தட்டி, "பின்னால எடு மகனே!" என்று போட்ட சத்தத்தில் மனுசன் உடனே ரிவர்ஸ் போட்டார். அதன்பிறகு அம்மா காட்டிய இடத்தில்தான் ஜீப் நின்றது. குளத்தில் பட்டமரங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பறவை. மகள் அதைத்தான் வீட்டில் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் பிள்ளைகள் வாயை மூடாமல் பேசுவது யானைக்குட்டிகளைப் பற்றி. கேட்டைத் திறந்ததும் முட்டி மோதிக்கொண்டு ஓடி வந்து, புனல் வைத்த குழாயில் பால் குடித்து, போதாதென்று கத்துகின்றன. அந்தக் கருஞ்சிறுத்தை விஷயத்தை அங்கே வைத்துத்தான் அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் கீழ் லயத்தில் ஒருவர் காட்டுப்பன்றிக்குக் கம்பி வைத்திருந்த இடத்துக்கே போய், அவரை நிற்க வைத்து ஏசிவிட்டு வந்தார். கம்பியை எடுத்தாரா என்று இன்னும் தெரியவில்லை. மனுசன் என்னைக் கண்டால் பாதை மாறிப் போகிறார்.

வான்கார அண்ணே, ஒரு தப்பு நடந்துவிட்டது. போகும்போது பிள்ளை வாந்தி எடுத்த கலவரத்தில் கியர் விஷயத்தை மறந்து பிரேக்கிலேயே இறங்கினேன். இராவணா நீர்வீழ்ச்சிக்கிட்ட நிறுத்தினால் முன் சில்லில் புகை. அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் எடுத்தேன். இப்போது பிரேக் மிதித்தால் லேசாக ஒரு அதிர்வு வருகிறது.

ஊவா வான்காரன்

அதிர்வு என்றால் டிஸ்க் வளைந்திருக்கும். பேடை மட்டும் மாற்றச் சொல்லி ஏமாறாதீர்கள், இரண்டு முன் சில்லையும் கழற்றி டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஒயிலையும் மாற்றுங்கள், அவ்வளவு சூடு கண்டது இனி உதவாது. அதுவரைக்கும் நுவரெலியாப் பக்கம்கூட வானை எடுக்காதீர்கள்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அடுத்த ஹயருக்கு ஜீப்காரர்களைக் கவனிக்க அவரை வாடகைக்குத் தருவீர்களா?