பல் இம்பிளான்ட் எத்தனை வருஷம் தாங்கும்?

சுங்கை சிப்புட் பையன்:
அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் போய்விட்டது, ஈப்போவில் ஒரு கிளினிக்கில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) போடலாம், ஆயுசுக்கும் தாங்கும் என்கிறார்கள். உண்மையா? அவருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு, பசியாறியதும் வெற்றிலை வேறு.

தோட்டத்து அண்ணன்:
எது ஆயுசுக்கும் என்று கேளுங்க தம்பி. எலும்போடு ஒட்டும் டைட்டானியம் திருகு, ஒழுங்காகப் பராமரித்தால் 20 வருஷத்துக்கு மேலும் நிற்கும். மேலே மாட்டும் பல்லைத்தான் 10, 15 வருஷத்தில் மாற்ற வேண்டி வரும்.

கிளினிக் அக்கா:
பல் கிளினிக்கில்தான் வேலை செய்கிறேன். இம்பிளான்ட் சொத்தையாகாது, ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் உள்ளே எலும்பு கரையும், பெரும்பாலும் வலியே தெரியாது, அதனால்தான் பலர் ஆட்டம் கண்ட பிறகு ஓடி வருகிறார்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரமாகச் சாய்த்துத் தேய்க்கணும், அப்புறம் இரவில் பல்லிடுக்கு பிரஷ் (கம்பியில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கணும்). ரத்தம் கசிந்தால் உடனே காட்டுங்கள். இனிப்பு நீர் கட்டுக்குள் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

தோட்டத்து அண்ணன்:
சிகரெட் உண்டா? அதுதான் முதல் எதிரி. வெற்றிலை பாக்கையும் விடச் சொல்லுங்க.

சுங்கை சிப்புட் பையன்:
சிகரெட் இல்லை. வெற்றிலை விஷயம் நீங்களே வந்து பேசுங்க அண்ணே, என்னால் ஆகாது.