பேனலில் எல்இடி போட்டதும் பாயிண்ட் ஒரு பக்கம்தான் திரும்புகிறது, அவசர உதவி!

குன்னூர்கனவு:
வணக்கம். என் மேட்டுப்பாளையம் மாடல் ரயில் லேஅவுட்டுக்குப் பிளைவுட்டில் கண்ட்ரோல் பேனல் செய்தேன். பாதைக்குக் கருப்பு டேப், வண்டியைத் தடம் மாற்றுகிற ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு சுவிட்ச், பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக எல்இடி. முந்தாநாள்வரை ஒழுங்காக ஓடிய பாயிண்டுகள் இப்போது ஒரு பக்கம் போனால் திரும்பி வரமாட்டேன் என்கின்றன. ஞாயிறன்று அக்கா பிள்ளைகள் ஓட்டிப் பார்க்க வருகிறார்கள். என்ன செய்யலாம்?

சால்டர்புகை:
என்ன மோட்டார்? எத்தனை வோல்ட்? சுவிட்சுக்கு எத்தனை கால்? எல்இடியை எங்கே கோத்தீர்கள்?

ஓம்விதி:
அடாப்டரைப் பாருங்கள். எல்இடி கூடியதும் அதற்கு மூச்சு வாங்குகிறது. எனக்கும் இதேதான் ஆயிற்று.

நானோபோர்டு:
அண்ணா, சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சர்வோ மோட்டாரும் ஆர்டுயினோ போர்டும் போடுங்கள். புரோகிராம் நான் அனுப்புகிறேன்.

சால்டர்புகை:
தம்பி, ஞாயிற்றுக்குள்ளேயா?

பழையகேபின்:
இந்தக் கேள்வி இங்கே பத்துத் தடவை வந்தாயிற்று, தேடிப் பார்க்கலாம். இன்னொன்று, பாயிண்டுக்குச் சிவப்பு, பச்சை வைக்கிறவர்கள் நிஜ பேனலைப் பார்த்ததே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பேனலில் ரூட் போட்டால் பாதை வெள்ளையாக எரியும், வண்டி நின்றால் சிவப்பாகும். சிக்னலுக்கும் பாயிண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டு வயர் தொடுவது நல்லது.

குன்னூர்கனவு:
மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். டார்ட்டாய்ஸ் பாயிண்ட் மோட்டார் நாலு. 12 வோல்ட் டிசி. ஆறு கால் டாகிள், கரண்ட் திசை மாறக் குறுக்கு வயர் போட்டிருக்கிறேன். மோட்டாருக்குப் போகிற இரண்டு வயரில் ஒன்றில் சிவப்பு, மற்றதில் பச்சை. ஒரு பக்கம் தட்டினால் இரண்டும் சேர்ந்தே எரிகின்றன. மறுபக்கம் தட்டினால் இரண்டும் அணைந்து மோட்டாரும் அசையவில்லை.

ஓம்விதி:
அப்போ அடாப்டர்தான்.

சால்டர்புகை:
அடாப்டர் இல்லை சார். டார்ட்டாய்ஸ் முட்டி நிற்கும்போதுகூட ஏறத்தாழ 16 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். நாலும் சேர்ந்து 70-ஐத் தாண்டாது.

குன்னூர்கனவு, "சேர்ந்தே எரிகின்றன" என்றீர்களே, விடை அங்கேதான். எல்இடி கரண்ட்டை ஒரு திசையில்தான் விடும். மோட்டார் திரும்ப வேண்டுமென்றால் கரண்ட் எதிர்த்திசையில் ஓட வேண்டும், நீங்கள் இரண்டு எல்இடியையும் வைத்து அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். இரண்டையும் ஒரே வயருக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றின் நீளக் காலோடு மற்றதன் குட்டைக் காலை, இரண்டு பக்கமும் சேர்த்துச் சால்டர் வையுங்கள், அந்த ஜோடியை வயரின் நடுவே கோத்துவிடுங்கள். போகும்போது ஒன்று எரியும், வரும்போது மற்றது. மோட்டாரே கரண்ட்டைக் கட்டுப்படுத்துவதால் தனி ரெசிஸ்டர் வேண்டாம். இரண்டு வோல்ட் போலக் குறையும், கொஞ்சம் மெதுவாகத் திரும்பும், அவ்வளவுதான்.

லூப்லைன்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த விளக்கு சுவிட்ச் எந்தப் பக்கம் என்றுதான் சொல்லும், பாயிண்டின் நாக்கு, அதாவது நகர்கிற தண்டவாள முனை, எங்கே இருக்கிறது என்று சொல்லாது. எனக்கு ஒரு கடுகளவு ஜல்லி நாக்குக்கு நடுவே சிக்கி, பேனலில் பச்சை எரிய, எஞ்சின் தடம் புரண்டது. டார்ட்டாய்ஸுக்குள்ளேயே இரண்டு செட் கான்டாக்ட் உண்டு. ஒன்று ஃபிராகுக்கு (தண்டவாளங்கள் வெட்டிக்கொள்கிற இடம்) போனாலும் மற்றதில் விளக்கை மாட்டலாம்.

பழையகேபின்:
அதுவும் மோட்டார் திரும்பியதைத்தான் காட்டும். நாக்கு ஒட்டியதைக் காட்டாது.

லூப்லைன்:
அதுவும் சரிதான் ஐயா. ஆனால் சுவிட்சை நம்புவதைவிட மேல்.

மீட்டர்கேஜ்1000:
மேட்டுப்பாளையம் என்றீர்களே, எந்த டிராக்? எச்ஓவில் (87-இல் ஒரு பங்கு அளவு) 16.5 மி.மீ. என்றால் அது நிஜத்தில் 1435 மி.மீ. பாதைக்கு உரியது. நம் அகலப்பாதை 1676, அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். குன்னூர் மீட்டர்கேஜ் வண்டிக்கு 12 மி.மீ. போட்டிருக்கிறீர்களா?

நானோபோர்டு:
மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கு அண்ணா தெரியும்?

மீட்டர்கேஜ்1000:
எனக்குத் தெரியும். கல்லாறுக்கு மேலே பல்சக்கரத் தண்டவாளமும் வேண்டும். அது இல்லாமல் நீலகிரி வண்டி என்று எப்படிச் சொல்வது?

பழையகேபின்:
அவர் கேட்டது எல்இடி.

மீட்டர்கேஜ்1000:
வெள்ளை விளக்குப் பாடம் எடுத்தவர் நீங்கள்தானே?

குன்னூர்கனவு:
மூன்று சரியாகிவிட்டன, நன்றி அண்ணா. நாலாவதில் சிவப்பும் பச்சையும் இடம் மாறி எரிகின்றன, அந்த ஜோடியைத் திருப்பிப் போட்டுவிட்டேன்போல. டிராக் 16.5 தான், தயவுசெய்து திட்டாதீர்கள்.

மீட்டர்கேஜ்1000:
அப்போ அந்தப் பல்சக்கர ரேக் பகுதி?