மறுவடிவமைத்த மேக் ப்ரோ: வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது விலைதானா?

வெட்டுமேசை:

ஆப்பிளின் தொழில்முறை மேசைக் கணினி மேக் ப்ரோ. 2013 டிசம்பரில் வந்த கறுப்பு உருளை வடிவ மாடல் 2,999 டாலரில் தொடங்கியது. 2019 டிசம்பரில் வந்த டவர் (நிமிர்ந்து நிற்கும் பெட்டி) 5,999. 2023இல் வெளிப்பெட்டி அதேதான், உள்ளே மட்டும் ஆப்பிளின் சொந்த எம்2 அல்ட்ரா சிப், 6,999. ஒவ்வொரு தடவையும் முதலில் கிளம்புவது "இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?" என்ற பேச்சுதான். ஆனால் மூன்றிலும் மலிவானது உருளை, மோசமாகப் படுத்ததும் அதுதான். அப்படியென்றால் விலைக்கும் வெற்றிக்கும் சம்பந்தமே இல்லையா?

எடிட்டிங், கலர், கொஞ்சம் 3டி என்று ஓடுகிற வேலைக்கு இந்த மாதிரி மெஷினை எடைபோடும்போது எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? தொடக்க விலையா, எல்லாம் போட்டு முடித்த விலையா?

ரேக்குசாமி:

இரண்டும் இல்லை. பெட்டிக்கு வெளியே போகிற பணத்தைப் பாருங்கள்.

உருளைக்கு முன்பிருந்த 2012 டவர் 2,499 டாலர். வித்தியாசம் 500தான், அதற்காக யாரும் ஓடிப்போகவில்லை. ஆனால் பழைய டவருக்குள் 4 ஹார்ட் டிஸ்க் பே, கூடுதல் கார்டு செருக 4 பிசிஐஇ ஸ்லாட், 2 டிவிடி பே இருந்தன. உருளையில் இவை ஒன்றுகூடக் கிடையாது. 4 டிஸ்க்கும், வீடியோ சிக்னலுக்கு ஒரு எஸ்டிஐ கார்டும் வைத்து வேலை செய்தவர் அதற்கு மாற வேண்டுமானால் தண்டர்போல்ட் கேபிளில் மாட்டும் ஒரு ரெய்டு பெட்டி (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்ப்பது), கார்டுக்கு ஒரு சேஸிஸ் (தனிப் பெட்டி), இரண்டுக்கும் தனித்தனி பவர் சப்ளை, தனித்தனி ஃபேன் சத்தம். 25 செ.மீ. உயரத்தில் 5 கிலோ எடையில் மெஷின் அழகாக நிற்கும். மேசைக்கு அடியில் கேபிள் காடு. இந்தச் செலவு எதுவும் ஆப்பிளின் விலைப்பட்டியலில் வராது. அதுபோக தண்டர்போல்ட் 2 தருவது 20 ஜிகாபிட், பிசிஐஇ 2.0வின் 4 லேன் (தரவு போகும் பாதை) அளவு. 16 லேனில் உட்கார்ந்திருந்த கார்டை அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை, மேல் கான்பிகரேஷனில் உருளையின் விலை அன்றைக்கு நியாயமாகவே தெரிந்தது. அதிலிருந்த ஃபயர்ப்ரோ டி700 கிராபிக்ஸ் கார்டுக்குக் கிட்டத்தட்ட ஒத்த கார்டு ஏஎம்டியின் டபிள்யூ9000. ஒன்றே 4,000 டாலர் பக்கம். அதில் இரண்டு சேர்ந்து வருகிறதே என்று பலர் கணக்குப் போட்டார்கள். கணக்கு இடிக்கிற இடம் மின்சாரம். டபிள்யூ9000 ஒன்றின் மின்தேவை 274 வாட், இரண்டுக்கு 548. சிபியு தனியாக 130. உருளையின் பவர் சப்ளை மொத்தமே 450 வாட். அதனால் 975 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய சிப்பை 850க்கு இறக்கி வைத்தார்கள், கிராபிக்ஸ் மெமரியில் பிழை திருத்தும் இசிசியும் இல்லை. பெயர் ஃபயர்ப்ரோ என்பதால் சமமான கார்டு என்று ஆகிவிடாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொன்றது வேறு. மேக் ஓஎஸ் இரண்டு கார்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டாது. மென்பொருள்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஃபைனல் கட் 10.1 அப்படித் தயாராக வந்தது, டாவின்சி ரிசால்வும் இரண்டையும் பயன்படுத்தியது. பிரிக்கத் தெரியாத மென்பொருளில் இரண்டாவது கார்டு சும்மா கிடக்கும். என்விடியா கார்டில் மட்டும் ஓடும் குடாவை நம்பிய ரெண்டரர்களுக்கு (3டி காட்சியைப் படமாக்கும் மென்பொருள்) இரண்டுமே உதவாது.

அடுத்து, தொழில் முழுக்க "ஒரே ஒரு பெரிய ஜிபியு (கிராபிக்ஸ் சிப்)" என்ற பக்கம் திரும்பியது. உருளையின் நடுவே நிற்கும் சூட்டை வெளியேற்றும் முக்கோண ஹீட்சிங்கில் ஒரு பக்கம் சிபியு, மற்ற இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஜிபியு. மூன்றும் ஏறக்குறையச் சமமாகச் சூடானால்தான் அந்த அமைப்பு சரியாக வேலை செய்யும். 250 வாட் கார்டு ஒன்றை ஒரே முகத்தில் வைக்க வழியில்லை. 2017 ஏப்ரலில் ஆப்பிள் நிர்வாகிகளே இதை ஒப்புக்கொண்டார்கள். அதே நேரத்தில் விலையையும் ஒரு படி இறக்கினார்கள்: 6 கோர், டி500 வைத்த மாடல் 2,999, 8 கோர், டி700 வைத்தது 3,999. அதே காசுக்கு மேல்படி மாடல். போனவர்கள் திரும்பவில்லை. நோய் விலையில் இருந்திருந்தால் அந்த மருந்து கொஞ்சமாவது கேட்டிருக்கும்.

கணக்குப்பிள்ளை:

ரேக்குசாமி சொல்வதில் பாதிதான் ஏற்கிறேன். விலை தீர்மானிக்கும். ஆனால் தனி விலை அல்ல, பக்கத்தில் நிற்கிற தம்பி மாடலுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி.

பழைய உதாரணம் 2000இல் வந்த பவர் மேக் ஜி4 க்யூப். 450 மெகாஹெர்ட்ஸ், 1,799 டாலர். அதே கடையில் 400 மெகாஹெர்ட்ஸ் ஜி4 டவர் 1,599க்கு, பிசிஐ ஸ்லாட்டோடு. க்யூபில் ஸ்லாட்டும் இல்லை, ஃபேனும் இல்லை. சத்தமில்லாமல் ஓடுவதற்காக 200 டாலர் கூடக் கொடுத்து, ஸ்லாட்டையும் விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? பின்னால் விலையைக் குறைத்தும் பார்த்தார்கள். 2001 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தினார்கள்.

2023இல் அதே கதை தலைகீழாக நடந்தது. எம்2 அல்ட்ரா, 64 ஜிபி, 1 டெராபைட்: ஸ்லாட் இல்லாத சிறிய மேக் ஸ்டுடியோவாக வாங்கினால் 3,999, மேக் ப்ரோவாக வாங்கினால் 6,999. சிப் ஒன்று, மெமரி உச்சவரம்பும் ஒன்று (192 ஜிபி). ஆக 3,000 டாலர் முழுக்க ஸ்லாட்டுக்கான விலை. அந்த ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டு ஓடாது. எஸ்டிஐ, ஃபைபர் சேனல் (சேமிப்பகத்தை இணைப்பது), 100 ஜிகாபிட் நெட்வொர்க், ஆடியோ டிஎஸ்பி (ஒலியைக் கையாளும் சிப்), என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) கார்டுகள் மட்டும்.

எனவே கேள்வி, உங்கள் கார்டு தண்டர்போல்ட்டில் அடங்குமா? 12ஜி எஸ்டிஐ ஒரு ஸ்ட்ரீம், அதாவது 4கே 60 ஃபிரேம், வினாடிக்கு சுமார் 1.5 ஜிகாபைட். ஸ்டுடியோவின் தண்டர்போல்ட் போர்ட் ஒன்றில் சேஸிஸ் வைத்தால் நடைமுறையில் 2.5 ஜிகாபைட்டுக்கு மேல் போகும். ஒரு ஸ்ட்ரீம் தாராளமாக அடங்கும், 3,000 டாலர் வீண். இரண்டு ஸ்ட்ரீம், கூடவே 4 எஸ்எஸ்டி வைத்த ரெய்டு கார்டு வேண்டும் என்றால் மேக் ப்ரோவின் 16 லேன் ஸ்லாட்டுக்கு அர்த்தம் உண்டு. அங்கேயும் ஒரு பிடி: ஆறு ஸ்லாட்டுக்கும் தனித்தனி லேன் கிடையாது, ஸ்விட்ச் வழியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. எக்ஸ்பான்ஷன் ஸ்லாட் யூட்டிலிட்டியைத் திறந்து எந்த கார்டு எந்தக் குழுவில் இருக்கிறது என்று பார்க்காமல் கனமான இரண்டையும் ஒரே குழுவில் போட்டால், வேகம் பாதியானதற்குக் கார்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நிறத்திருத்தி:

2019 மாடலை இருவரும் தாண்டிப் போய்விட்டீர்கள். விலை என்ற கேள்விக்கு அதுதான் சரியான சோதனை.

5,999க்கு என்ன வந்தது? 8 கோர் இன்டெல் ஸியான் சிபியு, 32 ஜிபி மெமரி, ரேடியான் ப்ரோ 580எக்ஸ் கிராபிக்ஸ், 256 ஜிபி எஸ்எஸ்டி. இப்படியே யாரும் வேலைக்கு வைக்கக்கூடாத கலவை. 580எக்ஸ் சாதாரண கேமிங் கார்டு வகையைச் சேர்ந்தது. 32 ஜிபி என்பது 8 ஜிபி குச்சி நான்கு. சிபியுவுக்கோ ஆறு மெமரி சேனல். நான்கை மட்டும் நிரப்பினால் பேண்ட்வித்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 8 கோர் மாடலில் மெமரி 2666 மெகாஹெர்ட்ஸில் ஓடும், மற்றவற்றில் 2933.

அதாவது 5,999 என்பது கணினியின் விலை இல்லை. 8 ஸ்லாட், 12 மெமரி ஸ்லாட், 1.4 கிலோவாட் பவர் சப்ளை கொண்ட சட்டகத்தின் விலை. அப்படி நினைத்து வாங்கியவர்கள் பிழைத்தார்கள். வழி இதுதான்: ரேமை ஆப்பிளிடம் குறைந்தபட்சமாக எடுத்து, வெளியில் ஒரே வகைக் குச்சி ஆறு வாங்கிப் போடுவது. ஆர்-டிம், எல்ஆர்-டிம் என்ற இரண்டு வகைக் குச்சியையும் கலந்தால் பூட் ஆகாது. ஸ்லாட் வரிசை மூடியிலேயே அச்சாகியிருக்கும், தப்பாகப் போட்டால் மெமரி ஸ்லாட் யூட்டிலிட்டி காட்டிக்கொடுக்கும். ஆப்பிளின் எஸ்எஸ்டி, பாதுகாப்புக்கான டி2 சிப்போடு பிணைந்தது. மாட்யூலை மாற்றினால் இன்னொரு மேக்கை இணைத்து ஆப்பிள் கான்பிகரேட்டர் மென்பொருள் வழியாக ரீஸ்டோர் செய்தாக வேண்டும். அதனால் அதை சிஸ்டத்துக்கு மட்டும் விட்டுவிட்டு, மீடியாவை பிசிஐஇ என்விஎம்இ கார்டில் வைப்பது நல்லது. கிராபிக்ஸுக்கு எம்பிஎக்ஸ் மாட்யூல் (இந்த டவருக்கென்றே செய்த கார்டு) கட்டாயமில்லை. மேக் ஓஎஸ் 11.4 முதல் ரேடியான் 6800 எக்ஸ்டி, 6900 எக்ஸ்டி நேராக ஓடும். போர்டிலிருந்து 8 பின் மின்சாரம் எடுக்க பெல்கினின் தனிக் கேபிள் தேவை, சாதாரண பிசி கேபிள் பொருந்தாது.

28 கோர் வரை போனவர்களுக்கு விலை ஒரு பொருட்டாக இல்லை. அந்த சிபியுவுக்கு இன்டெல்லின் பட்டியல் விலையே 7,000 டாலருக்கு மேல். அடி விழுந்தது கீழ்ப்படியில்தான். டவர் விற்பனைக்கு வருவதற்குச் சில வாரம் முன்பு, 2019 நவம்பரில், ஏஎம்டி 32 கோர் த்ரெட்ரிப்பர் 3970எக்ஸ் சிபியுவை 1,999 டாலருக்கு விட்டது. 3,000 டாலர் பட்ஜெட்டில் மேக் ப்ரோ வாங்கிக்கொண்டிருந்த தனி ஆட்களுக்கு 2019இல் ஆப்பிளிடம் ஸ்லாட் வைத்த பெட்டி எதுவுமே இல்லை. அவர்கள் ஐமேக் பக்கம் போனார்கள், அல்லது விண்டோஸ் பக்கம்.

சட்டகம்47:

விண்டோஸ் பக்கம் ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வரி. எச்பி இசட், டெல் பிரிசிஷன், லெனோவா திங்க்ஸ்டேஷன் இவற்றின் இணையதள விலையை மேக் ப்ரோ விலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நிறுவனக் கொள்முதலில் கொட்டேஷன் கேட்டால் அது கணிசமாக இறங்கும், ஆப்பிளில் அவ்வளவு இறங்காது. அதேபோல் ஆன்சைட் சர்வீஸ் எத்தனை வருடம், மறுநாளே ஆள் வருவாரா என்பதையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ரெண்டரர் குடா கேட்கிறது என்றால் இந்த விவாதமே தேவையில்லை. ஹை சியராவுக்குப் பிறகு வந்த மேக் ஓஎஸ் பதிப்புகளுக்கு என்விடியா தன் டிரைவரை வெளியிடவில்லை.

வெட்டுமேசை:

சரி, பெட்டிக்கு வெளியே ஆகும் செலவு, தம்பி மாடலோடு உள்ள இடைவெளி, இரண்டும் புரிகிறது. ஆனால் 5,999 கொடுத்தவருக்கு அது போட்ட காசுக்கு ஈடானதா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

நிறத்திருத்தி:

எத்தனை வருடம் ஓடுகிறது என்பதால் வகுங்கள். 2019 டவரின் தொடக்க விலை 2023 ஜூன் வரை அதே 5,999தான். 2020 ஜூனில், இன்டெல்லை விட்டு சொந்த சிப்பான ஆப்பிள் சிலிக்கானுக்கு மாறுவதாக அறிவித்தாகிவிட்டது. 2025இல் வந்த மேக் ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு. 2019 டிசம்பரில் வாங்கியவருக்குப் புதுப் பதிப்புகள் ஆறு வருடம் போலக் கிடைத்தன, வருடத்துக்கு 1,000 டாலர். 2023 தொடக்கத்தில் வாங்கியவருக்கு மூன்று வருடம்கூடத் தேறவில்லை, வருடத்துக்கு 2,000க்கு மேல். ஒட்டியிருந்த விலைச்சீட்டு ஒன்றேதான். நடுவில் ரேம், கார்டு மாற்றிக்கொள்ள முடிந்தது முதல் ஆளுக்குக் கூடுதல் லாபம். 2023 மாடலில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருவதால், வாங்கும் நாளில் எடுப்பதுதான் கடைசி வரை.

கணக்குப்பிள்ளை:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: விலையை மாற்றாமல் அப்டேட்டும் செய்யாமல் விடுவது விலையேற்றத்துக்குச் சமம். உருளையை 2013 பாகங்களோடு 2019 வரை விற்றார்கள். ஒவ்வொரு வருடமும் அதே காசுக்குக் கிடைக்கும் பிசி வேகமாகிக்கொண்டே போனது. அடுத்த மறுவடிவமைப்பு எப்போது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, இரண்டாவது வருடம் அப்டேட் வருகிறதா என்பதைத்தான்.

வெட்டுமேசை:

கடைசியாக ஒன்று. செகண்ட் ஹேண்டில் உருளை மலிவாகக் கிடைக்கிறது. ஃபைல் சர்வருக்கோ இரண்டாம் எடிட் மெஷினுக்கோ எடுக்கலாமா?

ரேக்குசாமி:

மேக் ஓஎஸ் மான்டரே பதிப்போடு அதன் கதை முடிந்தது, இணையத்தில் திறந்து வைக்கிற வேலைக்கு வேண்டாம். உள் நெட்வொர்க்கில் மட்டும் என்றால் எடுக்கலாம், ஜிகாபிட் ஈதர்நெட் போர்ட் இரண்டு இருக்கின்றன. டி700ஐ விட டி300 மேல். சர்வருக்கு ஜிபியு தேவையில்லை, சூடு குறையும். சிபியு சாக்கெட்டில்தான் இருக்கிறது, 8 கோர் இ5-1680 வி2 போட்டுக்கொள்ளலாம். ரேம் வாங்கும்போது 16 ஜிபி குச்சிகள் ஆர்-டிம், 4 ஜிபியும் 8 ஜிபியும் யூ-டிம் என்ற வேறு வகை, கலக்கக் கூடாது. சாதாரண என்விஎம்இயை அடாப்டரில் மாட்டுமுன் ஹை சியரா அல்லது அதற்கு மேல் ஒரு முறை நிறுவி ஃபர்ம்வேரை (மெஷினுக்குள்ளேயே பதிந்த அடிப்படை மென்பொருள்) ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டிரைவே தெரியாது. எடிட் மெஷின் என்றால் ஆறு தண்டர்போல்ட் போர்ட்டும் மூன்று பஸ்ஸாக (தரவுப் பாதை) பிரிந்திருப்பதைக் கவனியுங்கள். எச்டிஎம்ஐ, பஸ் 0வோடு சேர்ந்தது. மானிட்டரை ஒரு பஸ்ஸில், ரெய்டை இன்னொன்றில் மாட்டுங்கள். ஒரே பஸ்ஸில் இரண்டையும் வைத்தால் பிளேபேக்கில் ஃபிரேம் விழும்.